உறுதி வந்த பிறகு வழிபாடா, வழிபட்டு வந்தால் உறுதியா?

கேள்வி சுருக்கமாக இது: "தினமும் காலையில் விளக்கேற்றி, ஜபம் செய்து, ஒரு பதிகம் படிப்பது என்று முடிவெடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாகப் போகிறது. அப்புறம் ஒரு நாள் விட்டுப்போகிறது, அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. மறுபடி தொடங்கவே வெட்கமாக இருக்கிறது. ஆன்மிகத்துக்கு வேண்டிய உறுதி எனக்குப் பிறவியிலேயே இல்லையோ? அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொள்ள முடியுமா?"

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிடலாம். உறுதி என்பது வழிபாட்டுக்கு வரும் முன்பே கையில் இருக்க வேண்டிய முதல், அது இல்லாதவர் இந்தப் பக்கம் வருவதில் பயனில்லை என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பக்தி நூல்களை நிதானமாகப் படித்தபோதுதான் அவை வரிசையை வேறு மாதிரி வைத்திருப்பது தெரிந்தது.

வங்காளத்துக் கிருஷ்ண பக்தரான சைதன்யரின் மரபில் வந்த ரூப கோஸ்வாமி 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய பக்தி ரஸாம்ருத ஸிந்துவில், பக்தி வளரும் படிகளைச் சில வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். முதலில் சிரத்தை, அதாவது நம்பிக்கை. அதன் பின் சாது சங்கம், நல்லவர்களோடு சேர்ந்திருப்பது. மூன்றாவதாக பஜனக்கிரியை, அதாவது வழிபாட்டைக் கையில் எடுத்துச் செய்யத் தொடங்குவது. நான்காவது அனர்த்த நிவிருத்தி, உள்ளே இருக்கும் வேண்டாதவை கழிவது. அதற்கும் பிறகுதான் நிஷ்டை. தொடர்ந்து ருசி, ஆசக்தி என்ற ஆழ்ந்த பற்று, பாவம் (bhava) என்ற உள்ளுணர்வு நிலை, கடைசியில் பிரேமை என்ற முழு அன்பு. எண்ணிப் பாருங்கள், அசையாமல் நிற்பது என்று பொருள்படும் நிஷ்டை ஐந்தாம் படியில் இருக்கிறது. நீங்கள் அதை வாசலிலேயே தேடிவிட்டு, இல்லை என்று திரும்பிப் போகிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ருசி ஆறாவது படி. ஜபத்தில் இனிமை ஊறுவது, பாடும்போது தொண்டை அடைப்பது எல்லாம் நிலைப்பு வந்த பிறகு வருபவை. "உட்கார்கிறேன், ஒன்றுமே தோன்றவில்லை, வெறும் வாய்தான் அசைகிறது" என்று பலர் மனம் சோர்கிறார்கள். மூன்றாம் படியில் நிற்பவருக்கு அப்படித்தான் இருக்கும். அதற்காக வழிபாடு பொய்யாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அந்த மூன்றாம் படி எவ்வளவு தள்ளாட்டமானது என்பதை விஸ்வநாத சக்ரவர்த்தி தாகூர் என்ற ஆசாரியர் மாதுர்ய காதம்பினி என்ற சிறு நூலில் விளக்குகிறார். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிலைப்பு வருவதற்கு முந்தைய வழிபாட்டை அவர் ஆறு விதமாகப் பிரிக்கிறார். முதலாவது உத்ஸாஹமயி, வெறும் உற்சாகம். பாடம் படிக்க இப்போதுதான் உட்கார்ந்த சிறுவன், அன்றே தன்னைப் பண்டிதன் என்று நினைத்துக்கொள்வதைப் போல என்கிறார். உங்கள் முதல் பத்து நாள் அதுதான். இரண்டாவது கனதரளா, சில சமயம் கெட்டியாக, சில சமயம் நீர்த்துப்போய் ஓடுவது. மூன்றாவது வ்யூடவிகல்பா, ஓயாத யோசனைகள்: வீட்டை விட்டுப் போய்விடலாமா, வீட்டில் இருந்துகொண்டே செய்யலாமா, இந்த மந்திரமா அந்த மந்திரமா, முதலில் படித்து முடித்துவிட்டு அப்புறம் ஜபமா. இதில் வருடங்களே போய்விடும். நான்காவது விஷயஸங்கரா, புலன் இழுப்போடு நடக்கும் சண்டை. ஒரு நாள் நாம் வெல்வோம், ஒரு நாள் அது வெல்லும். ஐந்தாவதின் பெயர் நியமாக்ஷமா. நியமத்தைக் காப்பாற்ற முடியாமை. இன்று முதல் இத்தனை ஆயிரம் நாமம், இத்தனை நமஸ்காரம் என்று தீர்மானித்துவிட்டு, செய்ய முடியாமல் போவது.

கவனித்தீர்களா? உங்கள் சிக்கலுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. வழியில் வரும் ஒரு கட்டமாகத்தான் அவர் அதைக் குறிக்கிறார், வழியிலிருந்து விழுந்ததாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால் ஆறாவதாக வருவதுதான் என்னை அதிகம் எச்சரித்தது. தரங்கரங்கிணி, அலைகளில் விளையாடுவது. பக்தி செய்கிறார் என்று தெரிந்ததும் நாலு பேர் மதிக்கிறார்கள், உபசரிக்கிறார்கள், அந்த அலையில் மிதந்துகொண்டே இருந்துவிடுவது. முடியவில்லையே என்று வெட்கப்படும் நிலையைவிட இது ஆபத்தானது என்பது என் கருத்து, ஏனென்றால் வெட்கப்படுகிறவருக்குத் தன் நிலை தெரிகிறது.

சரி, மூன்றாம் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு எப்படிப் போவது? பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் முதல் பாதத்தில் 14-ஆம் சூத்திரம் இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. அப்பியாசம் என்ற பயிற்சி எப்போது 'த்ருடபூமி' ஆகிறது, அதாவது கெட்டித்த தரை ஆகிறது என்றால், மூன்று சேரும்போது: தீர்க்க காலம், நைரந்தர்யம், சத்காரம். நீண்ட நாள், இடைவிடாமை, மரியாதை. முதல் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறோம். ஒரு விருந்தாளி வந்தால் அவருக்கு நாம் காட்டும் கவனம் இருக்கிறதே, அதுதான் சத்காரம். ஐந்து நிமிடம்தான் பூஜை என்றாலும் அந்த ஐந்து நிமிடத்தில் போனைத் தள்ளி வைப்பது, விளக்கின் திரியைச் சரியாக எடுத்து வைப்பது, நேற்றைய பூவை எடுத்துவிட்டு இடத்தைத் துடைப்பது. அவசரமாக முணுமுணுத்த ஆயிரம் நாமம் மனதைக் கெட்டிப்படுத்துவதைவிட, மரியாதையோடு சொன்ன நூற்றெட்டு அதிகம் கெட்டிப்படுத்தும். இதை நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போன காலத்தில் என் ஜபம் ஒரு கடன் அடைப்பதைப் போல ஆகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்து, உட்காரும் விதத்தைச் சரிசெய்த பிறகுதான் அது தங்கியது.

அந்த 'தரை' என்ற சொல்லும் பொருத்தமானது. தரை ஒரே நாளில் இறுகாது. மண்ணைப் போட்டு, நீர் தெளித்து, தட்டித் தட்டி, காயவிட்டு, மறுபடி தட்ட வேண்டும். கீதை ஆறாம் அத்தியாயத்தில் கிருஷ்ணர் பயன்படுத்தும் வார்த்தையும் 'சனை: சனை:', மெல்ல மெல்ல என்பதுதான். உறுதியால் பிடிக்கப்பட்ட புத்தியைக் கொண்டு மெல்ல மெல்ல அடங்க வேண்டும் என்கிறார். அடுத்த ஸ்லோகத்திலேயே, மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கேயிருந்து திருப்பிக் கொண்டுவா என்கிறார். ஓடாது என்று அவர் சொல்லவே இல்லை. திருப்பிக் கொண்டுவருவதைத்தான் பயிற்சி என்கிறார். காற்றைப் பிடிப்பதைப் போல மனதைப் பிடிப்பது கஷ்டம் என்று அர்ஜுனன் முறையிட்டபோதும், சந்தேகமில்லை, கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்டுதான் அப்பியாசத்தாலும், பற்றை விடும் வைராக்கியத்தாலும் முடியும் என்று பதில் சொல்கிறார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எந்தப் பூஜையையும் சங்கல்பத்தோடு தொடங்குவது வழக்கம். அந்தச் சங்கல்பத்தை ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள். எந்த வருடம், எந்த அயனம், எந்த ருது, எந்த மாதம், எந்தப் பக்ஷம், எந்தத் திதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் இந்தப் பூஜையை 'கரிஷ்யே', செய்யப்போகிறேன் என்று முடிகிறது. நம் மரபில் உறுதிமொழியின் வடிவமே இதுதான். இன்றைக்கு, இந்த நேரத்தில், இந்த ஒன்றை. வாழ்நாள் முழுக்கச் செய்வேன் என்று அதில் ஒரு சொல் கூட இல்லை. நாளைக்கு நாளைய திதியைச் சொல்லி நாளைய சங்கல்பம். நாம் செய்கிற தவறு, ஒரு உற்சாகமான இரவில் வருங்காலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே சங்கல்பம் செய்துவிடுவது. அவ்வளவு பெரிய பாரத்தை எந்த மனதும் தூக்காது.

கொஞ்சம் நீளமாக வேண்டும் என்றால் அதற்கும் மரபில் அளவு இருக்கிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு 41 நாள். பொதுவாக ஒரு மண்டலம் என்றால் 48 நாள். ஏகாதசி பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. முடிவு தெரிந்த விரதத்தை மனம் ஏற்றுக்கொள்கிறது. முடித்த விரதம் மனதுக்கு ஒரு சாட்சியாக நிற்கிறது: நான் சொன்னேன், செய்தேன். அடுத்த உறுதி இந்தச் சாட்சியிலிருந்துதான் முளைக்கிறது. அதனால் உங்களுக்கு என் யோசனை, விளக்கு, ஜபம், பதிகம் மூன்றையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுங்கள். அதையும் ஆறு நாளுக்கு மட்டும். முடித்த பிறகு ஒரு நாள் நிதானமாக யோசித்து, அதே ஒன்றை ஒரு மண்டலத்துக்கு எடுங்கள்.

அந்த ஒன்று எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், காய்ச்சல் அடிக்கும் நாளிலும் செய்யக்கூடியது எதுவோ அதுவே நியமம். மற்றதெல்லாம் அன்றன்றைக்கு மனம் இருந்தால் கூடுதலாகச் செய்வது. ஐந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ உங்கள் இஷ்ட தெய்வத்தின் நாமத்தையோ 108 முறை நிதானமாகச் சொன்னால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது நியமமாக இருக்கட்டும். விசேஷ நாளில் மூன்று மாலை உருட்டுங்கள், நியமத்தின் அளவை மட்டும் அந்த உற்சாகத்தில் கூட்டிவிடாதீர்கள். மனம் சொல்வதைக் கேட்டு உயர்த்தினால், மனம் சோர்ந்த அன்று எல்லாமே சரியும்.

நேரத்தையும் புதிதாகத் தேட வேண்டாம். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். குளித்த பிறகு, முதல் வாய் தண்ணீருக்கு முன், இப்படி. தினமும் அதே இடம், அதே ஆசனம். ஆரம்பத்தில் மனதுக்குள் ஜபிப்பதைவிட உதடு அசையச் சொல்வது நல்லது. வாய்விட்டுச் சொல்லும் வாசிகம், உதட்டளவில் சொல்லும் உபாம்சு, மனதுக்குள் சொல்லும் மானசம் என்ற மூன்றில் மானசமே உயர்ந்தது என்று சாஸ்திரங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் உயர்ந்ததிலிருந்து தொடங்கினால் ஜபமாலையின் பத்தாவது மணியிலேயே மனம் சந்தைக்குப் போய்விடும்.

இங்கே அப்பரின் ஒரு பாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவாரூரில் பாடிய திருத்தாண்டகம். 'நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா' என்று தொடங்குகிறார். நிலைபெற வேண்டும் என்று நினைக்கிறாயா மனமே, அப்படியானால் வா என்கிறார். உங்கள் கேள்வியே அதுதான். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் தெரியுமா? நித்தலும் கோயிலுக்குப் போ. பொழுது விடிவதற்கு முன் தரையைக் கூட்டு. மெழுகு. பூமாலை கட்டு. புகழ்ந்து பாடு. தலை நிறையக் கும்பிடு. கூத்தாடு. ஆரூரா ஆரூரா என்று அலறு. பாட்டு முழுக்கக் கையும் காலும் வாயும் தலையும் செய்கிற வேலை. மனதைப் பார்த்து வா என்று கூப்பிட்டுவிட்டு, மனதுக்கென்று தனியாக ஒரு வேலையும் அவர் கொடுக்கவில்லை. துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறார்.

சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி சொல்வார்கள். கோயில் கூட்டுவது, விளக்கிடுவது, பூப்பறிப்பது முதலான உடல் தொண்டுகள் சரியை. பூஜை கிரியை. இந்தச் சரியை வழிக்கு அப்பரையே எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. முதல் படி என்பதால் பலர் அதைத் தாழ்ந்ததாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனதை நேராகப் பிடிக்க முடியாது, ஆனால் கையைப் பிடிக்க முடியும். மனம் வராத நாளில் கூட கை திரி போடும், கால் கோயிலைச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் மனமும் பின்னாலேயே வந்து சேரும். வராவிட்டாலும் அன்றைய தொண்டு நடந்துவிட்டது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்ற ஔவையார் பாட்டு எல்லோருக்கும் தெரியும். பக்தியின் தொடக்கத்தில் இரண்டும் உண்டு, கைப்பழக்கமும் நாப்பழக்கமும்.

இப்போது நீங்கள் கேட்டதில் மிக முக்கியமான இடம். ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வது?

பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் வருகிறார். புத்த சமயத்தில் சேர்ந்து அந்த உடையிலேயே இருந்தவர். சிவனே பொருள் என்று தெளிந்த பிறகும் அந்த வேடத்தை மாற்றவில்லை. ஒரு நாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டு, அன்பு மேலிட, பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தார். மறுநாள் வந்தபோது முந்தின நாள் கல்லெறியத் தோன்றியதும் அவன் அருளே என்று எண்ணி, அதையே நாள்தோறும் செய்யும் தொண்டாக வைத்துக்கொண்டார். கல் எறிவது ஒரு பூஜையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தினமும் தவறாமல் எறிந்தார். அப்புறம் ஒரு நாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பெரியபுராணம் இந்த மறதியை மறைக்கவில்லை. நினைவு வந்ததும் ஒரு கவளமும் உண்ணாமல் எழுந்து ஓடுகிறார், கல்லை எடுத்து எறிகிறார். இறைவன் காட்சி கொடுத்தது அன்றைக்குத்தான். தவறாமல் செய்த அத்தனை நாளும் வராத காட்சி, மறந்து ஓடி வந்த நாளில் கிடைக்கிறது.

மறந்தது அவர் நியமத்தை உடைக்கவில்லை. நினைவு வந்த அந்தக் கணத்தில் எழுந்து ஓடினார் பாருங்கள், அதில்தான் அவ்வளவு காலமும் எறிந்த கற்களின் பலன் தெரிந்தது. நமக்கு நினைவு வந்ததும் என்ன நடக்கிறது? "இன்றைக்கு விட்டுப்போய்விட்டது, இனி வரும் திங்கட்கிழமையிலிருந்து புதிதாகத் தொடங்கலாம்" என்று தோன்றுகிறது. அந்தத் திங்கட்கிழமைதான் நம் எதிரி. நினைவு வந்தது இரவு பதினொரு மணி என்றால் பதினொரு மணிக்கே உட்காருங்கள். பதினொரு தடவை நாமம் சொன்னாலும் போதும். விட்ட நாளுக்கு அபராதமாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம், அது நியமத்தைத் தண்டனையாக மாற்றிவிடும்.

குறை வரும் என்று நம் பூஜை முறைக்கே தெரியும். பூஜையின் முடிவில் சொல்லும் பிரார்த்தனை 'மந்த்ரஹீனம், க்ரியாஹீனம், பக்திஹீனம்' என்று தொடங்குகிறது. மந்திரத்தில் குறை, செய்முறையில் குறை, பக்தியிலேயே குறை, இப்படி நான் செய்த பூஜையை நீ நிறைவானதாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறோம். பக்தி இல்லாமல் பூஜை செய்தேன் என்று ஒத்துக்கொள்ளும் வரியைப் பூஜைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் பெரியவர்கள். வெட்கத்தினால் மறுபடி தொடங்காமல் இருக்கிறேன் என்றீர்களே, அந்த வெட்கத்தை வைப்பதற்கான இடம் இதுதான். பூஜைக்கு வெளியே வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம், அதையும் உள்ளே கொண்டுவந்து சொல்லிவிடுங்கள்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் உறுதியையே, அதாவது த்ருதியையே, மூன்றாகப் பிரிக்கும் இடம் ஒன்று உண்டு. மனம், பிராணன், புலன்கள் மூன்றின் செயலையும் யோகத்தால் தாங்கிப் பிடிப்பது சாத்விக உறுதி. பலனை எதிர்பார்த்துப் பற்றோடு பிடிப்பது ராஜசம். தூக்கம், பயம், துக்கம், மனச்சோர்வு, செருக்கு ஆகியவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது தாமச உறுதி. முதல் முறை இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். மனச்சோர்வை விடாமல் வைத்திருப்பதும் ஒரு உறுதிதான் என்கிறார் கிருஷ்ணர்! "எனக்கு உறுதியே கிடையாது" என்ற எண்ணத்தை நீங்கள் எத்தனை வருடமாக, எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிடிக்கும் சக்தி உங்களிடம் நிறையவே இருக்கிறது. எதைப் பிடிப்பது என்பது மட்டும் மாற வேண்டும்.

ராஜச உறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் விரதம் எடுத்தால் வீடே நடுங்கும். காபி ஆறிவிட்டது என்று கோபம், பூஜை நேரத்தில் குழந்தை அழுதால் கோபம், பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மாலை ஜபிக்கிறார் என்ற கணக்கு. அந்தக் கோபமும் கணக்கும் விரதத்தோடு சேர்ந்து வளர்கின்றன. உடம்பு தாங்காத பட்டினியும் அப்படித்தான். அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதை சொல்கிறது. சாஸ்திரம் விதிக்காத கொடிய தவத்தை டம்பத்தோடு செய்து உடம்பை வருத்துபவர்களைப் பதினேழாம் அத்தியாயம் அசுர நிச்சயம் உடையவர்கள் என்றே சொல்லிவிடுகிறது. சர்க்கரை வியாதிக்கோ வேறு நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் ஏகாதசிக்கு முழுப் பட்டினி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று கூடுதலாக ஒரு மணி நேரம் நாமம் சொல்லுங்கள். விரதத்தின் உயிர் வயிற்றில் இல்லை.

துணையைப் பற்றிச் சுருக்கமாக. ரூப கோஸ்வாமி இரண்டாம் படியிலேயே சாது சங்கத்தை வைத்தார் என்றேன். ஆண்டாளின் திருப்பாவையைப் பாருங்கள். இரண்டாம் பாட்டில் நோன்பின் விதிகள் வருகின்றன: நெய் உண்ணோம், பால் உண்ணோம், நாட்காலே நீராடி, மையிட்டு எழுதோம். ஈகையைச் சொல்லும்போது 'ஆந்தனையும்', முடிந்த மட்டும் என்கிறாள். அவ்வளவு உறுதியாக நோன்பு எடுத்த பெண்கள்தான் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது பாட்டில் பத்துப் பாட்டு தோழியை எழுப்புவதற்கே போகிறது. யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. உங்களை எழுப்ப ஒருவர் வேண்டும், நீங்கள் எழுப்ப ஒருவர் வேண்டும். வாரம் ஒரு முறை கூட்டு வழிபாட்டுக்குப் போகலாம், அல்லது ஒரே ஒரு நண்பரோடு சேர்ந்து அதே மண்டலத்தை எடுக்கலாம்.

ஒரு வருடம், இரண்டு வருடம் இப்படிப் போன பிறகு, நியமம் உங்களைத் தாங்கத் தொடங்கும். செய்யாத நாளில்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். அதற்குப் பிறகு உள்முகமாகக் கூட்டலாம். திருநின்றவூர் பூசலார் நாயனார் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பொருள் கிடைக்கவில்லை. மனதிலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை அழைத்து, அடித்தளத்திலிருந்து சிகரம் வரை, கிணறு, குளம், மதில் என்று நெடுநாள் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்கோயிலுக்கு நாள் குறித்திருக்க, வேறு நாள் வைத்துக்கொள் என்று இறைவன் கனவில் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. மானச பூஜைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. மனதுக்குள் கட்டினாலும் அவர் ஒரே நாளில் கட்டி முடிக்கவில்லை என்பதைப் பாருங்கள்.

"கண்ணப்பருக்கு ஆறே நாள்தானே ஆயிற்று, அவருக்கு எந்த நியமம் இருந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அவர் மலையேறியபோது பொங்கிய அன்பை, முன்பு செய்த தவத்தின் ஈட்டம் என்றுதான் சேக்கிழார் சொல்கிறார். நம் கண்ணுக்குத் தெரிந்தது ஆறு நாள். அதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று இறைவனுக்குத்தான் தெரியும். அதே போல, இன்று நீங்கள் செய்து பாதியில் நின்ற பத்து நாளும் எங்கேயும் போய்விடவில்லை. இந்த வழியில் முயற்சி வீணாவதில்லை, சிறிதளவும் பெரிய பயத்திலிருந்து காக்கும் என்று கீதை இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது.

கடைசியாக, நீங்கள் கேள்வியில் எழுதாவிட்டாலும் பலர் மனதில் இருக்கும் ஒன்று. ஏதோ ஒரு கஷ்டத்துக்காகத் தொடங்கிய வழிபாடு கணக்கில் சேருமா? துன்பப்பட்டு வருகிறவன், அறிய விரும்பி வருகிறவன், பொருள் வேண்டி வருகிறவன், ஞானி என்று தன்னிடம் வருபவர்கள் நால்வர் என்று சொல்லிவிட்டு, இவர்கள் எல்லோருமே நல்லவர்கள்தான் என்கிறார் கிருஷ்ணர். ஞானியைத் தனியாக உயர்த்தினாலும் மற்ற மூவரை விலக்கவில்லை. அப்பர் சைவத்துக்குத் திரும்பி வந்ததே சூலை நோய் தாங்க முடியாமல்தான். சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தவர், வயிற்று வலியோடு அக்கா திலகவதியாரைத் தேடி வந்தார். அவர் தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடியும் முன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அதிகை வீரட்டானத்தில் அப்பர் பாடிய முதல் பதிகம் முழுக்க வலியின் முறையீடுதான். வலி அங்கேயே தீர்ந்தது. அவரோ உழவாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில்களில் புல் செதுக்கினார். முதுமையில் திருப்புகலூரில் செதுக்கிக்கொண்டிருந்த இடத்தில் பொன்னும் மணியும் மின்னின. அவற்றையும் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டு, மிச்சப் புல்லைச் செதுக்கப் போனார்.